பெயரில்லாத பொழுது

கனடாவின் மேற்கில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்குச் சிற்றூர். சாலை உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, கடைகண்ணி உண்டு. டிவி மட்டும் கிடையாது. ஊர் பின்தங்கியிருந்தது காரணமல்ல. ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து வந்த அலைகளை மலை மறித்துக்கொண்டது, அவ்வளவுதான். சுற்றியிருந்த ஊர்களில் பல வருடங்களாக டிவி ஓடிக்கொண்டிருக்க, இங்கே 1973 வரை ஆண்டெனா வைத்தும் பலனில்லை.

இனி அங்கேயும் டிவி வரப்போகிறது என்ற செய்தி, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் டானிஸ் மேக்பெத் வில்லியம்ஸின் காதுக்கு எட்டியது. அதன் அருமை அவருக்கு உடனே புரிந்தது. டிவி வந்த பிறகு ஆராய ஆயிரம் ஊர்கள் இருக்கின்றன. வருவதற்கு முன்பே போய், டிவி இல்லாத வாழ்க்கையை அளந்து எழுதி வைத்துக்கொள்ள அந்தக் காலத்து வட அமெரிக்காவில் ஊர்கள் அநேகமாக மிச்சமில்லை. அவருடைய குழு அவசரமாகக் கிளம்பிப் போனது. ஊரின் உண்மைப் பெயரை வெளியிடாமல் ‘நோட்டெல்’ என்று பெயர் வைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, ஒரே ஒரு சேனல் கிடைத்த ‘யூனிடெல்’, நான்கு சேனல்கள் கிடைத்த ‘மல்டிடெல்’ என்று இன்னும் இரண்டு ஊர்கள். மூன்றிலும் முதலில் ஒரு கணக்கு. இரண்டு வருடம் கழித்து, 1975இல், மறுபடியும் போய் இன்னொரு கணக்கு.

குழந்தைகளிடம் அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு செய்தித்தாளை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், தோன்றுவதையெல்லாம் சொல். இதற்குச் சரியான விடை, தவறான விடை என்று எதுவும் கிடையாது. படிக்கலாம், பொட்டலம் மடிக்கலாம், தொப்பி செய்யலாம், ஈ விரட்டலாம் என்று எத்தனை விதமாக யோசனை கிளைவிடுகிறது என்பதுதான் கணக்கு. டிவி வருவதற்கு முன் நான்காம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டபோது, நோட்டெல் பிள்ளைகள் மற்ற இரண்டு ஊர்ப் பிள்ளைகளைவிடத் தெளிவாக முன்னால் நின்றார்கள். இரண்டு வருடம் கழித்து அந்த முன்னிலை காணாமல் போயிருந்தது. மூன்று ஊர்ப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்து நின்றார்கள்.

இதைப் படித்ததும் ‘டிவியில் என்ன கண்றாவியைப் பார்த்தார்களோ’ என்றுதான் மனம் முதலில் போகும். ஆனால் ஆய்வாளர்களை இன்னொரு பக்கமும் இந்தக் கணக்கு இழுத்தது. பார்த்தது என்ன என்பதை விடுங்கள். பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் முன்பு என்ன நடந்துகொண்டிருந்தது? ஒரு நாளுக்கு 24 மணி நேரம்தான். தினமும் இரண்டு மணி நேரம் புதிதாக ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்தால், ஏற்கெனவே இருந்த ஏதோ ஒன்று எழுந்து போயிருக்க வேண்டும். எழுந்து போனது யார்?

நம் வீடுகளில் இந்தக் கேள்விக்குத் தயாரான பதில் ஒன்று இருக்கிறது: புத்தகமும் விளையாட்டும் போய்விட்டன. போனை எடுத்ததிலிருந்து பிள்ளை படிப்பதே இல்லை, வெளியே ஓடியாடி விளையாடுவதே இல்லை என்று சொல்லாத பெற்றோர் குறைவு. எழுபது வருட ஆராய்ச்சி சொல்லும் பதில் இதைவிட விசித்திரமானது. அதை முதலில் கண்டுபிடித்தவர், நோட்டெல் ஆய்வுக்கும் வெகு முன்பே, லண்டன் பொருளியல் பள்ளியில் இருந்த ஹில்டே ஹிம்மல்வைட்.

1950களின் நடுவில் பிரிட்டனில் டிவி வீடு வீடாகப் பரவிக்கொண்டிருந்தது. வாங்கிய வீடும் இன்னும் வாங்காத வீடும் ஒரே தெருவில் இருந்த காலம் அது. ஹிம்மல்வைட் நான்கு நகரங்களில், டிவி உள்ள வீட்டுப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவருக்கும் ஈடாக, அதே வயது, அதே பால், அதே அறிவுத்திறன், அதே சமூக வர்க்கம் கொண்ட, ஆனால் வீட்டில் டிவி இல்லாத ஒரு பிள்ளையைத் தேடிப் பிடித்தார். இணை இணையாக எத்தனையோ ஜோடிகள்! கணினி பரவலாகாத நாளில் இதைச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. அது போதாதென்று, அப்போதுதான் ஒளிபரப்பு எட்டத் தொடங்கிய நாரிச் நகரத்தில் டிவி வருவதற்கு முன்னும் பின்னும் பிள்ளைகளைப் பார்த்தார். 1958இல் அவருடைய குழுவின் நூல் வெளிவந்தது.

அந்தக் காலத்து டிவியைப் பற்றி ஒரு சேதி சொல்ல வேண்டும். பிரிட்டனில் மாலை 6 மணி முதல் 7 மணி வரை ஒளிபரப்பே இருக்காது. பிள்ளைகளைத் தூங்கவைக்க வசதியாக இருக்கட்டும் என்று, நாடு முழுவதும் திரை ஒரு மணி நேரம் வெறுமையாகக் கிடக்கும். 1957 பிப்ரவரியில்தான் அந்த வழக்கம் முடிவுக்கு வந்தது. ஐஸ்லாந்திலோ 1987 வரை வியாழக்கிழமைகளில் அரசு டிவி கிடையாது. ஒரு நிகழ்ச்சி முடியும் முன்பே அடுத்தது தானாக ஓடத் தயாராக நிற்கும் யூடியூப் காலத்தில் வளரும் பிள்ளைக்கு இது புராணக் கதை போலிருக்கும்.

சரி, டிவி எதைத் தள்ளிவிட்டது? ஹிம்மல்வைட் கண்டதில் ஒரு ஒழுங்கு இருந்தது. புதிதாக வந்தது, தான் தரும் அதே இன்பத்தைத் தன்னைவிடக் குறைவாகத் தந்தவற்றை முதலில் வெளியேற்றியது. வானொலி கேட்பது சரிந்தது. சினிமாவுக்குப் போவது குறைந்தது. படக்கதைப் புத்தகங்கள் சரிந்தன. பொழுதுபோக்கும் கதையும் அங்கேயும் கிடைத்தன, இங்கே இன்னும் சுலபமாகக் கிடைத்தன; ஆகவே இடம் மாறின. ஆனால் எழுத்துப் புத்தகம் வேறு விதமாக நடந்துகொண்டது. டிவி வந்த புதிதில் வாசிப்பு விழுந்தது. மோகம் தணிந்ததும் மெல்ல மீண்டது. புத்தகம் தருவதை டிவியால் முழுவதுமாகத் தர முடியவில்லை. சாரணர் இயக்கம், மன்றம், நேரம் குறித்து வைத்து ஆடும் ஆட்டம் போன்றவையும் பெரிய சேதமில்லாமல் நின்றன.

இதற்கெல்லாம் அப்பால் அவர் கண்ட ஒன்றுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. சும்மா இருப்பது குறைந்தது. தெருவில் தோழர்களோடு காரணமில்லாமல் நிற்பது, சுற்றுவது, எதையாவது நோண்டிக்கொண்டிருப்பது, இன்னதென்று சொல்ல முடியாத பொழுது. மன்றத்துக்குப் போகாவிட்டால் ‘ஏன் வரவில்லை’ என்று கேட்க ஆள் இருக்கிறது. ஆட்டத்துக்குப் போகாவிட்டால் அணியில் ஒரு இடம் காலியாகும். சும்மா இருக்கும் நேரத்துக்குப் பெயர் கிடையாது, அட்டவணையில் இடம் கிடையாது, அதற்காக வாதாட ஒருவரும் கிடையாது. ஆகவே புதிதாக எது வந்தாலும் இந்த நேரம் சுலபமாகக் காலியாகிறது.

பத்து, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைப் பற்றிய முடிவு இது. இன்னும் சிறிய வயதுக்கு, நடை பழகியது முதல் பள்ளி சேரும் வரையான பருவத்துக்கு வந்தால், விஷயம் இன்னும் கூர்மையாகிறது. ஏனென்றால் அந்தப் பருவத்தின் பகல் முழுவதுமே பெயரில்லாத பொழுதுதான். மூன்று வயதுக் குழந்தைக்கு மன்றம் ஏது, பயிற்சி ஏது? டப்பாவைத் திறந்து மூடுவதும், செப்புச் சாமான்களில் மண்ணை வேகவைத்துத் தாத்தாவுக்குச் சாப்பாடு போடுவதும், அம்மாவின் பின்னால் அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடப்பதும்தான் அதன் வேலை.

இதையும் கணக்கெடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1997இல், நாடு தழுவிய ஒரு குடும்ப ஆய்வின் பகுதியாக, 12 வயது வரையுள்ள பிள்ளைகளின் இரண்டு நாட்களை, ஒரு வேலை நாள், ஒரு வார இறுதி நாள், நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்ன செய்தார்கள், அப்போது யார் கூட இருந்தார்கள் என்று குடும்பத்தாரைக் குறிக்கச் சொன்னார்கள். எலிசபெத் வாண்டிவாட்டரும் அவருடைய சகாக்களும் அதிலிருந்து 1,712 பிள்ளைகளின் குறிப்புகளைப் பிரித்துப் பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். டிவி அதிகம் பார்த்த பிள்ளைகள் குறைவாகப் புத்தகம் படித்தார்களா? இல்லை, தொடர்பே தெரியவில்லை. குறைவாக ஓடியாடினார்களா? அதிலும் தொடர்பு இல்லை. பெற்றோரோடும் உடன்பிறந்தவர்களோடும் சேர்ந்து வேறு எதையாவது செய்யும் நேரம் குறைந்திருந்தது. கற்பனை விளையாட்டும் குறைந்திருந்தது. அதுவும் ஐந்து வயதுக்குக் கீழே இருந்தவர்களிடம் கூடுதலாக.

வாசிப்பில் மாற்றமில்லை என்பதைக் கண்டு நிம்மதிப்பட்டுவிட முடியாது. அந்தக் குறிப்புகளில் வாசிப்பு நேரமே மிகச் சிறியது. காலிப் பானையில் எவ்வளவு மொண்டாலும் குறைவதற்கு என்ன இருக்கிறது? நிறைய இருந்த இடத்தில்தான் இழப்பு கண்ணுக்குத் தெரியும். சிறு குழந்தையிடம் நிறைய இருப்பது மனிதத் துணையும் விளையாட்டும்.

இவ்வளவும் குழந்தை திரையைப் பார்க்கும் நேரத்தைப் பற்றியது. பார்க்காமலே இருந்தால்? மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஆண்டர்சனின் குழு 2008இல் வெளியிட்ட சோதனை எளிமையானது, அழகானது. ஒரு வயது, இரண்டு வயது, மூன்று வயதுக் குழந்தைகள் 50 பேர். ஓர் அறை, நிறையப் பொம்மைகள், கூடவே பெற்றோரில் ஒருவர். ஒரு மணி நேரம் விளையாடலாம். அதில் பாதி நேரம் மூலையில் டிவி ஓடும். ஓடுவது பெரியவர்களுக்கான ஒரு வினாடி வினா நிகழ்ச்சி. ஒரு வயதுக் குழந்தைக்கு அதில் ஒன்றும் புரியாது, ஒரு பொம்மைகூட வராது. எதிர்பார்த்தபடியே குழந்தைகள் அதைப் பெரிதாகப் பார்க்கவில்லை. எப்போதாவது தலையைத் தூக்கி, சில விநாடிகள் பார்த்துவிட்டு, திரும்பப் பொம்மைக்குப் போய்விட்டார்கள். அறையில் உட்கார்ந்திருந்த யாரும் ‘குழந்தை பாட்டுக்கு விளையாடுகிறது’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பதிவை விநாடி விநாடியாகப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. டிவி ஓடிய அரை மணி நேரத்தில் ஒவ்வொரு விளையாட்டும் குட்டையாகியிருந்தது. ஒரு பொம்மையை எடுத்து, அதில் ஊன்றி, அதிலிருந்து அடுத்த யோசனைக்குப் போகும் முன்பே கை வேறொன்றுக்கு மாறிவிடுகிறது. மூழ்கி விளையாடும் நேரமும் சுருங்கியிருந்தது. சிறு குழந்தை கட்டைகளை அடுக்கும்போது, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதை நினைவில் பிடித்துக்கொண்டுதான் அடுக்குகிறது. திடீரென்று ஒரு கைதட்டல், ஒரு மணியோசை, வெளிச்சத்தில் ஒரு மாற்றம். தலை தூக்குகிறது. திரும்பும்போது பிடித்துவைத்திருந்த நூல் அறுந்திருக்கிறது. இப்படி ஒரு பொழுது பறிபோவதை எந்த நாட்குறிப்பும் காட்டாது. ‘மாலை 5 முதல் 6 வரை: பொம்மை விளையாட்டு’ என்றுதான் அம்மா எழுதியிருப்பார், அது உண்மையும்கூட.

அதே குழு அடுத்த வருடம் பெற்றோர் பக்கம் பார்வையைத் திருப்பியது. பின்னணியில் டிவி ஓடும்போது அவர்கள் குழந்தையோடு பேசுவதும் சேர்ந்து விளையாடுவதும் குறைந்தன. பேசிய பேச்சிலும் கவனம் குறைந்தது. வீட்டிலேயே இதை அளக்க இன்னொரு வழி பிறந்தது. குழந்தையின் சட்டைப் பையில் ஒரு சிறு ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, நாள் முழுவதும் காதில் விழுந்த பெரியவர் பேச்சு எத்தனை சொல், குழந்தை எத்தனை முறை குரல் கொடுத்தது, இருவரும் மாறி மாறிப் பேசியது எத்தனை தடவை என்று கணினியை வைத்து எண்ணுவார்கள். சியாட்டிலில் டிமிட்ரி கிறிஸ்டாகிஸ் குழு 2009இல் 329 குழந்தைகளை வைத்து எடுத்த கணக்குப்படி, டிவி சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குழந்தையின் காதில் விழும் பெரியவர் சொற்கள் சராசரியாக 770 குறைந்தன. ஆஸ்திரேலியாவில் 220 குடும்பங்களை இரண்டு வருடம் பின்தொடர்ந்து 2024இல் வெளியான ஆய்வு நிமிடக் கணக்கே தருகிறது. மூன்று வயதில் ஒவ்வொரு கூடுதல் திரை நிமிடத்துக்கும் 6.6 பெரியவர் சொற்கள், குழந்தையின் 4.9 குரல்கள், ஒரு பேச்சுப் பரிமாற்றம் குறைகின்றன. பெரியவர்கள் சத்தமில்லாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் இந்தக் கருவிக்குப் பிடிபடாது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த எண்களைக் கண்டு எல்லாப் பழியையும் திரை மேல் போட நான் தயாராக இல்லை. நாட்குறிப்பிலும் ஒலிப்பதிவிலும் காரணம் எது, விளைவு எது என்பது எழுதியிருக்காது. டிவி ஓடுவதால் பேச்சு குறைந்ததா, பேச ஆளில்லாததால் டிவி ஓடுகிறதா? இரண்டு ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு வரும் தாய், தனியாக இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு சமைக்கும்போது டிவியைப் போட்டுவிடுகிறார் என்றால், அங்கே குறைவது முதலில் கைகளின் எண்ணிக்கை. அலைகளை மலை மறித்த ஊரும், பொம்மை அறைச் சோதனையும் ஏன் இவ்வளவு விலைமதிப்புள்ளவை என்றால், அங்கே டிவி வந்ததும் போனதும் குடும்பத்தின் சூழ்நிலையால் அல்ல.

எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடக்கவில்லை என்பதும் உண்மை. தென் அட்லாண்டிக் கடலில் தனித்துக் கிடக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்கு 1995இல்தான் டிவி வந்தது. டோனி சார்ல்டன் தலைமையில் ஒரு குழு, தீவின் குழந்தைகள் விளையாட்டுத் திடலில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை டிவிக்கு முன்பும் பின்பும் கவனித்தது. நோட்டெல்லில் பிள்ளைகளின் அடிதடி கூடியிருந்தது, இங்கே கூடவில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இடம் அது. திரை வந்தாலும் பிள்ளையைச் சுற்றியிருந்த மனிதர்கள் அகலவில்லை.

திரையிலும் வகை உண்டு. அமெரிக்காவில் ஐந்து வயதில் டிவியில் என்ன பார்த்தார்கள் என்று கணக்கெடுத்த பிள்ளைகளைப் பதின்பருவத்தில் மறுபடி தேடிப் போனார்கள். 570 பேர். அவர்களில் ‘செசமி ஸ்ட்ரீட்’ போன்ற கல்வி நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்தவர்கள் கூடுதலாகப் புத்தகம் படித்தார்கள், மதிப்பெண்ணும் கூடுதல் என்று 2001இல் வெளியான அறிக்கை சொல்கிறது. 2014இல் வந்த இன்னொரு சோதனை என்னை வியக்கவைத்தது. இரண்டு வயதை ஒட்டிய 36 குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். சிலருக்கு நேரில், சிலருக்கு வீடியோ அழைப்பில், சிலருக்கு வேறொரு குழந்தையுடன் பேசிய அழைப்பின் பதிவைப் போட்டுக் காட்டி. நேரில் கற்றவர்களும் அழைப்பில் கற்றவர்களும் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். பதிவைப் பார்த்தவர்கள் பிடிக்கவில்லை. திரை அதே திரை, முகம் அதே முகம். வித்தியாசம் ஒன்றுதான்: அழைப்பில் இருந்தவர் குழந்தை செய்ததற்குப் பதில் செய்தார். டொராண்டோவில் இருக்கும் பேத்தியோடு யாழ்ப்பாணத்திலிருந்து வாட்ஸ்அப்பில் பேசும் அம்மம்மா, அறிவியலின் கணக்கில், திரை நேரம் அல்ல, அவர் துணை.

போன் ஏன் டிவியிலிருந்து வேறானது என்பதும் இங்கேதான் எனக்குத் தெளிவாகிறது. டிவிக்கு ஒரு கூடம் இருந்தது, ஒரு நேரம் இருந்தது. அது மாலைப் பொழுதில் ஒரு பெரிய துண்டை எடுத்துக்கொண்டது, மீதியை விட்டுவைத்தது. போனுக்கு இடமும் இல்லை, வேளையும் இல்லை. பேருந்துக்காக நிற்கும் ஐந்து நிமிடம், டாக்டர் வீட்டுத் திண்ணையில் டோக்கன் கூப்பிடும் வரை, ஹோட்டலில் தோசை வரும் வரை, தம்பி தூங்கும் வரை சத்தம் போடாமல் இருக்க என்று எங்கும் நுழைகிறது. ஹிம்மல்வைட் சும்மா இருக்கும் பொழுது என்று கண்டது இந்தச் சந்துபொந்துகளைத்தான். டிவி அவற்றை ஓரத்தில் அரித்தது. போன் அந்தச் சந்துகளுக்குள்ளேயே குடியிருக்கிறது. குழந்தை சலித்துப்போய், ‘என்னம்மா இது?’, ‘அந்தத் தாத்தாவுக்கு ஏன் பல் இல்ல?’ என்று கேட்கத் தொடங்கும் இடம் அது.

இந்தியாவிலும் நேரக் கணக்கெடுப்பு நடக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் எடுத்தது. அதிகாலை 4 மணி முதல் மறுநாள் அதிகாலை 4 மணி வரை, அரை மணி நேரக் கட்டங்களாக, யார் என்ன செய்தார்கள் என்று. ஆறு வயது நிரம்பியவர்களைத்தான் கேட்டார்கள். அதற்குக் கீழே உள்ள குழந்தையின் நாள் அந்தக் கணக்கில் இல்லை. இருந்திருந்தாலும், பல்லி ஒன்றைப் பின்தொடர்ந்து சுவரோரமாகப் போய் நின்று பார்த்த நான்கு நிமிடம் அரை மணி நேரக் கட்டத்தில் தங்காது.

மருத்துவர்கள் தரும் அளவுகள் நமக்குத் தெரியும். இரண்டு வயது வரை திரையே வேண்டாம், உறவினரோடு வீடியோ அழைப்பு மட்டும் சரி. ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் வழிகாட்டல். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் இதை ஒட்டியே சொன்னது. கூடவே, குழந்தை உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் படித்துக் காட்டுவதும் கதை சொல்வதும் நல்லது என்றும் சொன்னது. முதல் பாதி எல்லோர் வாயிலும் இருக்கிறது, இரண்டாவது பாதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தும் விளைவு மாறும் அல்லவா? டிவியில் பார்த்துக்கொண்டிருந்த கார்ட்டூனைப் போனில் பார்த்தால் ஒரு திரை இன்னொரு திரைக்கு இடம் விட்டது, அவ்வளவுதான். அதே ஒரு மணி நேரம் மூன்று வேளைச் சாப்பாட்டிலிருந்து இருபது இருபது நிமிடமாக எடுக்கப்பட்டால் அது வேறு கதை.

ஆகவே நம் வீடுகளில் யாராவது இந்தக் கணக்கை எடுக்க முன்வந்தால், சோறு ஊட்டும் நேரத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். போனில் ரைம்ஸைப் போட்டுவிட்டு, வாய் திறந்த கணத்தில் ஒரு கவளத்தை உள்ளே தள்ளுவது இன்று நகரம், கிராமம் என்ற வித்தியாசமில்லாமல் நடக்கிறது. முன்பு அந்த வேளை முழுக்கப் பேச்சுதான். காக்காவைக் கூப்பிட வேண்டும், இந்த வாய் மாமாவுக்கு, அடுத்த வாய் அத்தைக்கு என்று பங்கு வைக்க வேண்டும், ‘போதும்’ என்றால் ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ என்று பேரம் பேச வேண்டும். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு மறுப்பு. ஆஸ்திரேலியாவில் சட்டையில் வைத்த அந்தக் கருவி எண்ணியது இந்தப் பரிமாற்றங்களைத்தான். அதை நம் குழந்தையின் சட்டையிலும் வைத்து, ஒரு வாரம் போனோடும் ஒரு வாரம் போன் இல்லாமலும் ஊட்டி, இரண்டு வாரத்தின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆய்வுக்கூடமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. நூறு வீடுகளும், பொறுமையான ஒரு ஆராய்ச்சி மாணவரும் போதும்.